பூக்காமலே காய்க்கும் மரம் உண்டா?

நீங்கள் கேட்டது இது. அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே ஒரு பலா, ஒரு ராம்புத்தான், கால்வாய் ஓரத்தில் ஓர் அரசமரம். வாசலில் தொட்டியில் கறிவேப்பிலை. குடிவந்து இத்தனை வருடத்தில் நான்கில் ஒன்றுகூடப் பூத்து நீங்கள் பார்த்ததில்லை. பள்ளிச் செயல்திட்டத்துக்காக மகள் “பூக்காமலே காய்க்கும் மரம் உண்டா?” என்று கேட்கிறாள். கூடவே, பலாவில் விரல் நீளப் பிஞ்சுகள் கறுத்துக் கொட்டுகின்றன, ராம்புத்தான் காய்த்ததே இல்லை, மருந்து அடிக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: பூ இல்லையா, இருந்தும் நம் கண்ணில் படவில்லையா?

கண்ணில் படவில்லை என்பதுதான் பதில். நான்கும் பூக்கிற மரங்கள். நான் தாவரவியல் படித்துவிட்டு, இங்கே சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளின் மரங்களைக் கவனித்துக் கிளை கழிக்கும் வேலையில் நெடுங்காலம் இருப்பவன். ஏற்றி வண்டியின் கூடையில் நின்று மரத்தின் உச்சியை முகத்துக்கு நேராகப் பார்க்கும்போது, கீழே நடைபாதையில் போகிறவருக்குத் தெரியாத பூக்கள் கொத்துக்கொத்தாகத் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை.

பலாவில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் அவசரப்பட்டு மருந்து அடித்துவிடக்கூடும். கறுத்துக் கொட்டுகிறவை பெரும்பாலும் பிஞ்சுகளே அல்ல, ஆண் பூங்கொத்துகள். பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு கொத்துகளாக வரும். ஒவ்வொரு கொத்தும் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்த உருளை. ஆண் பூ ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மகரந்தத்தாள். அது வெளியே நீட்டிக்கொண்டு மஞ்சள் பொடியை உதிர்க்கும் சில நாட்களில் பக்கத்தில் போய் முகர்ந்தால் லேசான இனிப்பு வாசனை தெரியும். பொடி உதிர்ந்ததும் கொத்தின் வேலை முடிந்தது. அதன்மேல் கரும்பூஞ்சை படரும், விழுந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு “பிஞ்சு நிற்கவில்லை” என்று கவலைப்படுகிறவர்கள் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு.

பிரித்தறிவது எளிது. ஆண் கொத்தின் காம்பு மெலிதாக இருக்கும், கொத்தின் மேற்பரப்பு மழமழவென்று, பொடி தூவியது போல இருக்கும். பெண் கொத்தின் காம்பு தடிமன். காம்பும் கொத்தும் சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று தெளிவாகத் தெரியும். மேலெங்கும் மயிர்க்கூச்செறிந்தது போல நுண்ணிய சூல்முடிகள் (மகரந்தத்தை ஏற்கும் நுனிகள்) நீட்டிக்கொண்டிருக்கும். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் பெண் கொத்துகளைத் தேடுங்கள். ஆண் கொத்துகள் மேலே இளங்கிளைகளில் அதிகம். கீழே விழுந்து கிடப்பவற்றில் வளையம் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். வளையம் உள்ளவையும் கறுத்து விழுந்தால் அது வேறு சங்கதி. அதே பூஞ்சை இளம் பிஞ்சையும் தாக்கும், முக்கியமாக மழைநாட்களில். அப்போதும் முதல் வேலை மருந்து அல்ல. அழுகிய ஆண் கொத்துகள் பிஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அப்புறப்படுத்தி, அடியில் கிடப்பதைக் கூட்டி, காற்று போக வழிசெய்வதுதான். உங்கள் மரத்தை நேரில் பார்க்காமல் நோய் என்றோ இல்லை என்றோ நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். புளோக்குக் கீழ் மரம் என்பதால் நகர மன்றத்திடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

பூச்சிமருந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பலாவின் மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்றா பூச்சியா என்பதில் நெடுநாளாக இரண்டு கட்சி. ஆனால் பலாவின் நெருங்கிய உறவான செம்படாக்கை மலேசியாவின் சரவாக் காட்டில் ஆராய்ந்தவர்கள் 2000இல் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள். ஆண் கொத்தில் பூஞ்சை படர்கிறது; அந்தப் பூஞ்சையைத் தின்ன மிகச் சிறிய ஈக்கள் வருகின்றன; அவை அங்கேயே முட்டையிட்டு வளர்கின்றன; பிறகு மகரந்தப் பொடியோடு பெண் கொத்துக்கும் போகின்றன. நாம் ‘அழுகல்’ என்று முகம் சுளிக்கும் அந்தக் கறுப்புதான் விருந்தாளியை அழைக்கும் விருந்து. செம்படாக்கில் இது உறுதி. நம் பலாவிலும் இத்தகைய சிற்றீக்களே முக்கியம் என்று கருதப் பிற்காலத்தில் சான்று வந்திருக்கிறது, காற்றின் பங்கை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பாரும் உண்டு. எப்படியானாலும், பூத்திருக்கும் பலாவில் பூச்சிமருந்து அடிப்பது காய்ப்பைக் குறைக்கும் வேலையாகவே முடியும் என்பது என் கருத்து.

பலாப்பூவை நேரில் தவறவிட்டாலும் கவலை இல்லை. பழத்தை அறுக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேல்தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பெண் பூவின் நுனி. ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ. நாம் தின்னும் மஞ்சள் சதை அந்தப் பூவின் இதழுறை பருத்தது. சுளைக்கு நடுவே நார்நாராக வருமே சடை, அது கருவுறாமல் போன பூக்கள். ஒரு பலாப்பழம் என்பது ஒரு பூங்கொத்து முழுவதும் ஒன்றாக ஒட்டிப் பெருத்தது. சடை மிகுந்து சுளை குறைந்திருந்தால் அந்தக் கொத்துக்கு மகரந்தம் சரியாகக் கிடைக்கவில்லை என்று கணிக்கலாம்.

அடுத்து அரசு. மகளின் கேள்விக்கு மூலமே இந்தக் குடும்பம்தான். ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே இனம். அரிதாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உண்மையில் அத்தியும் அரசும் அடிக்கடி, ஆயிரக்கணக்கில் பூக்கின்றன. நாம் காய் என்று நினைக்கும் அந்தச் சிறு உருண்டைதான் பூங்கொத்து. உள்ளே குழிவாக இருக்கும். அந்தக் குழியின் சுவர் முழுவதும் பூக்கள், உள்முகமாகப் பார்த்தபடி. வெளியுலகத்துக்கு ஒரே வாசல், நுனியில் இருக்கும் சின்னத் துளை. அதற்குள் போகிறது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு குளவி, பெண். நுழையும்போதே பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும். உள்ளே சில பூக்களுக்கு மகரந்தம் கொடுக்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே இறந்துபோகும். சில வாரங்களில் முட்டைகளிலிருந்து வருகிறவற்றில் ஆண் குளவிகள் முதலில் வெளிவரும், சிறகில்லாதவை, பெண்களோடு சேர்ந்து, சுவரில் வழி குடைந்துவிட்டு மடியும். இளம் பெண் குளவிகள் அதற்குள் முதிர்ந்திருக்கும் ஆண் பூக்களின் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்து வேறு மரம் தேடும். ஒன்றிரண்டு நாள்தான் அவற்றுக்கு வெளியுலக வாழ்க்கை.

இந்த இனத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மரவகைக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. அரசு சிங்கப்பூரின் சொந்த மரம் அல்ல, கோயில்களை ஒட்டி நட்டு வளர்ந்தது. ஆனால் இன்று பழைய கடைவீட்டுச் சுவர் வெடிப்பிலும் கால்வாய்க் கரையிலும் தானாக முளைத்து நிற்கிறது. முளைக்க வேண்டுமானால் விதை வேண்டும், விதை வேண்டுமானால் குளவி உள்ளே போயிருக்க வேண்டும். உங்கள் கால்வாய் ஓரத்து மரமே யாரும் நடாமல் வந்ததாக இருக்கலாம். அடியில் உதிர்ந்த உருண்டை ஒன்றைப் பிளேடால் குறுக்காக வெட்டி, கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேடை நீங்கள் பிடியுங்கள், குழந்தை பார்க்கட்டும். சுவரெங்கும் நெருங்கியிருக்கும் மணிகள்தான் பூக்கள். எறும்போ வேறு பூச்சியோ உள்ளே இருந்தால் பயம் வேண்டாம், அந்தக் குளவி கொட்டாது.

ராம்புத்தான் கதை வேறு மாதிரி. அதன் பூ வெட்டவெளியில், கிளை நுனியில், கொத்தாகத்தான் வருகிறது. ஆனால் பெரும்பாலும் அல்லிதழே கிடையாது. பச்சை கலந்த வெளிர் நிறத்தில் சில மில்லிமீட்டர் புல்லிதழ்கள் மட்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இளந்துளிர் என்றுதான் தோன்றும். இதில் முழுக்க ஆண் பூ மட்டுமே பூக்கும் மரங்கள் உண்டு. இருபால் பூ பூக்கும் மரங்களும் உண்டு, அவற்றில் பெரும்பாலான பூக்கள் பெண் பூவாகவே நடந்துகொள்ளும். ஒட்டுக்கட்டி வாங்கிய மரம் என்றால் காய்க்கும் வகையாகத்தான் இருக்கும். யாரோ தின்றுவிட்டுப் போட்ட விதையிலிருந்து வந்தது என்றால் ஆணாக இருந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆண் மரத்துக்கு எந்த உரமும் மருந்தும் போட்டாலும் காய்க்காது. ஆனால் பூக்கும், தேனீ வரும், பக்கத்து மரத்துக்கு மகரந்தம் போகும். பழைய தோட்டக்காரர்களுக்கு இதே தலைவலி ஜாதிக்காயில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கமெல்லாம் ஜாதிக்காய்த் தோட்டங்கள். ஆண் மரம், பெண் மரம் என்ற வித்தியாசம் பல ஆண்டு வளர்த்து முதல் பூ வந்த பிறகே தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வெளிர்மஞ்சள் மணிப்பூ அது. அதைக் குனிந்து பார்க்கத் தெரிந்தவன்தான் எந்த மரத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய முடியும். அந்தத் தோட்டங்கள் பிறகு நோயில் அழிந்துபோனது தனிக்கதை.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். இதற்குக் காரணம் நாமேதான். அதன் பூங்கொத்து முதிர்ந்த கிளையின் நுனியில் வரும். நாம் வாரம் தவறாமல் தாளிப்புக்கு நுனிக்கொழுந்தோடு ஒடிக்கிறோம். பிறகு பூ எங்கிருந்து வரும்? சமையலுக்கு அது நல்லதுதான், செடி புதராகத் தழைக்கும். ஒரே ஒரு கிளையை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள். தொட்டியில் வேர் நெருக்கமாக இருந்தால் தாமதமாகலாம், ஆனால் வந்துவிட்டால் நிச்சயம் தெரியும்: ஐந்து வெள்ளை இதழ், பத்து மகரந்தத்தாள், எலுமிச்சைப்பூவின் ஒன்றுவிட்ட தங்கை போன்ற மணம். அது எலுமிச்சைக் குடும்பமேதான். பிறகு பச்சையிலிருந்து சிவந்து கறுக்கும் சிறு பழங்கள். சின்னான் குருவிகள் விடாது.

நாம் சின்னப் பூவைப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பம்பூவை எந்தத் தமிழ்க் குடும்பமும் தவறவிடுவதில்லை. அரைச் சென்டிமீட்டர் இதழ், பச்சை கலந்த வெள்ளை, இலைக்கு நடுவே மறைந்து தொங்குவது. ஆனாலும் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அது வேண்டும், ரசத்துக்கு வேண்டும், தேக்காச் சந்தையில் காயவைத்த பொட்டலமாவது வாங்குகிறோம். தேவை இருந்தால் கண் தானாகப் பழகிக்கொள்கிறது. மாலைக்கு ஏறும் மல்லிகையும் செவ்வந்தியும் அரளியும்தான் பூ என்று மனதில் பதிந்துபோனதால் மற்றவை விடுபடுகின்றன. நிறமும் அகன்ற இதழும் பூவுக்குக் கட்டாயமில்லை. மகரந்தம், சூல் இரண்டில் ஒன்றாவது இருந்தால் போதும், அது பூ.

ஆனைக்குன்றிமணியை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே சாகா என்பார்கள். அதன் சிவப்பு விதையைப் பொறுக்காத சிங்கப்பூர்ப் பிள்ளை குறைவு. ஊரில் மஞ்சாடி என்று பொன் நிறுத்ததும் இதைத்தான். ஏறக்குறைய நான்கு விதை ஒரு கிராம். விதையைத் தெரிந்த நூறு பேரில் அதன் பூவைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம். வெளிர்மஞ்சளில், நுண்ணிய ஐந்திதழ் விண்மீன்களாக, நீளக் கதிரில் வரிசையாக வரும். மெல்லிய வாசனை உண்டு. அடுத்தமுறை விதை பொறுக்கும்போது அண்ணாந்தும் பாருங்கள்.

எங்கே, எப்போது பார்ப்பது என்பதற்கு அனுபவத்தில் கண்ட சில வழிகள். முதலில் தரையைப் பாருங்கள். தென்னைக்கு அடியில் நடைபாதையில் கிடக்கும் கெட்டியான வெளிர்மஞ்சள் துணுக்குகள் ஆண் பூக்கள். ஒரு பாளையில் அவை ஆயிரக்கணக்கில், பெண் பூக்கள் ஒவ்வொரு கதிரின் அடியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். நெட்டை வகைத் தென்னையில் ஆண் பூ உதிர்ந்து முடிந்த பிறகே பெண் பூ விரியும். அதனால்தான் அது பெரும்பாலும் பக்கத்து மரத்து மகரந்தத்தை எதிர்பார்க்கிறது. பிறகு அடிமரத்தைப் பாருங்கள்: பிலிம்பிப் புளிச்சக்காயின் செந்நிறப் பூக்கள் மரப்பட்டையிலிருந்தே நேராக முளைக்கும். மூன்றாவது, மூக்கை நம்புங்கள். தெம்புசு மரத்தின் பால்வெள்ளைப் பூ உயரத்தில் கண்ணுக்கு அகப்படாது. அந்தி சாய்ந்ததும் மணம் தெருவையே நிறைக்கும். சிங்கப்பூர் ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருக்கும் மரம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், நிற்கும் தெம்புசுதான். பூமலை 1859இல் தொடங்கியது, மரம் அதற்கும் முந்தியது. பூக்கும் காலம் பெரும்பாலும் மே, ஜூனிலும், சிறிய அளவில் அக்டோபர், நவம்பரிலும்.

காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஊரைப் போல இங்கே கோடை, கார் என்று பருவம் பிரியவில்லை. ஆனாலும் மரங்களுக்குக் கணக்கு இருக்கிறது. சில வாரம் வெயில் காய்ந்து, பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் பல மரங்கள் சேர்ந்து பூக்கும். 2014 தொடக்கத்தில் வந்த நீண்ட வறட்சிக்குப் பிறகு நகரமே பூத்தது பலருக்கு நினைவிருக்கும். அங்சானா மரத்துக்கு ஒரே நாள்தான்: சாலை நெடுக ஒன்றாகப் பூத்து மறுநாள் காலை மஞ்சளாகத் தரையில் கிடக்கும். மாவும் உங்கள் ராம்புத்தானும் பூக்கிற வாய்ப்பு அதிகமாக இருப்பது அப்படி ஒரு வறள் காலத்துக்குப் பிந்திய வாரங்களில். எந்த மாதம் என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்கு வருடத்துக்கு வருடம் மாறும்.

மகளின் செயல்திட்டத்துக்கு என் யோசனை மங்குஸ்தான். சந்தையில் கிடைக்கும் நாளில் கொஞ்சம் வாங்கிக் கவிழ்த்து வையுங்கள். அடியில் பூ வடிவத்தில் ஒரு தடம் இருக்கும்; அது அந்தப் பழத்தின் பெண் பூவினுடைய சூல்முடி, காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது. அதில் எத்தனை மடல் இருக்கிறதோ உள்ளே அத்தனை சுளை. உடைக்கும் முன் எண்ணி எழுதச் சொல்லுங்கள், உடைத்த பின் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த மரம் இன்னொரு விதத்திலும் விந்தை: மகரந்தம் இல்லாமலே, கருவுறாமலே விதை பிடிக்கும். ‘பூக்காமல் காய்ப்பது’ எந்த மரத்திலும் இல்லை. ‘மகரந்தம் சேராமல் காய்ப்பது’ உண்டு, அதற்கு மங்குஸ்தான் சாட்சி. ஆசிரியர் கேட்டால் அவள் இந்த வித்தியாசத்தைச் சொல்லட்டும். ராம்புத்தான் பழத்தின் காம்புப் பக்கமும் பாருங்கள், சிலவற்றில் வளராமல் நின்ற சிறு குமிழ் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தப் பூவின் சூலகத்துக்கு இரண்டு பாதி. ஒன்று பழமானது, மற்றது அங்கேயே நின்றுவிட்டது.

பூங்காவிலும் சாலையோரத்திலும் பூவையோ காயையோ பறிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், மரத்தில் இருப்பதைப் படம் எடுங்கள். ராம்புத்தானில் வெளிர்ப்பச்சைக் கொத்து தென்பட்டால் ஒரு பூவை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள்: நடுவில் இரட்டைக் குமிழும் அதன்மேல் சுருண்ட இரு கிளைச் சூல்முடியும் தெரிந்தால் காய்க்கக்கூடிய மரம், நீண்ட மகரந்தத்தாள்கள் மட்டுமே நின்றால் ஆண். பலாவில் கறுத்து விழுந்ததன் காம்பு தெரியும்படி இன்னொரு படம். இரண்டும் கிடைத்தால் ராம்புத்தான் ஆணா, பலாவில் விழுந்தது ஆண் கொத்தா என்று சொல்லிவிடுவேன்.